கப்பல் வளைந்த விதம்

கண்ணாடிக்காரர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு சபதம் எடுத்தார்.

“இந்த வண்டியை நான் திருப்பியே தீருவேன்.”

மனைவி அவருடைய முழங்கைச் சிராய்ப்பில் பஞ்சால் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். “யாருகிட்ட? வித்தவன் திரும்ப வாங்கிக்குவானா?”

“திருப்பிக் குடுக்கறது இல்ல. வளைவுல திருப்பறது.”

“ஓ, அதுவா. நான் ஏதோ நல்ல சேதின்னு நினைச்சேன்.”

வண்டி என்று சொன்னால் அது சாதாரண வண்டி இல்லை. அவர்களுடைய கல்யாணத்தைவிட வயதில் மூத்த மோட்டார் சைக்கிள். உடம்பெல்லாம் இரும்பு. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நிமிர்த்துவதற்கு அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட வேண்டும். தெருமுனையில் அது வரும்போதே வீட்டுச் சமையலறையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். நேர் சாலையில் அதைப் போல ஒரு வண்டி உலகத்தில் கிடையாது. ஆனால் சாலைகள் நேராக மட்டுமே இருப்பதில்லை என்பதுதான் அதன் ஒரே குறை. வளைவு வந்தால் அது யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். அதனால்தான் வீட்டில் அதற்குக் ‘கப்பல்’ என்று பெயர்.

அன்று காலை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலைச்சாலையில் போனார். உச்சியில் மனைவியின் தங்கை வீடு. மூன்றாவது வளைவில் சாலை இடது பக்கம் திரும்பியது. கப்பல் திரும்பவில்லை. நேராகப் போய், ஓரத்தில் செடி விற்பவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பூந்தொட்டிகளுக்கு நடுவே நங்கூரம் பாய்ச்சி நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து, சகலை தன்னுடைய புது மெலிந்த வண்டியில் சர்ரென்று வளைவைக் கடந்து போனான். போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான். முழங்கைச் சிராய்ப்பைவிட அந்தக் கைதான் அதிகமாக எரிந்தது.

“அடுத்த தடவை அவன் வீட்டுக்குப் போறப்ப, அவனை ஒரு வளைவுலயாவது தாண்டிட்டுப் போறேனா இல்லையா பாரு” என்றார்.

“பாக்கறேன்” என்றாள் மனைவி. “எங்கிருந்து பாக்கணும்? பின்னாடி உக்காந்தா, தொட்டியிலிருந்தா?”

மனைவிக்கு வேலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். அந்த இருக்கைக்கு அடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷம், கப்பலில் பின்னால் உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அந்த மிதி பெரும்பாலும் கண்ணாடிக்காரரின் கணுக்காலில்தான் விழும். ‘நாலு சக்கரத்துக்காரங்களுக்கு ரெண்டு சக்கரம் புரியாது’ என்று பொறுத்துக்கொள்வார்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் வண்டியின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கைப்பிடியை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். நடுவில் ஓர் இடத்தில் அது டொக்கென்று நின்றது.

“கழுத்துல சுளுக்கு சார்” என்றார் மெக்கானிக். “உள்ள இருக்கற பேரிங் பள்ளம் விழுந்துடுச்சு. அதான் திரும்பமாட்டேங்குது. முன் ஃபோர்க்குல இருக்கற எண்ணெய் தண்ணியாயிடுச்சு. டயரைப் பாருங்க, நடுவுல தேஞ்சு சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையா இருக்கு. தட்டையான டயர் எப்படிச் சாயும்?”

கண்ணாடிக்காரர் பக்தியோடு கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் தன்னை ஏமாற்றியது விதி இல்லை, பேரிங் என்று தெரிந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி.

“எல்லாத்தையும் மாத்திடுங்க.”

“மாத்திடலாம். பின்பக்க ஸ்பிரிங் இருக்கே, அதை உக்கார்றவங்க எடை பாத்து இறுக்கணும். பின்னாடி வழக்கமா யார் உக்காருவாங்க?”

“வீட்டுல.”

“அவங்க எடை என்ன இருக்கும்?”

கண்ணாடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். “கேட்டுச் சொல்றேன்” என்றார்.

“கேளுங்க” என்றார் மெக்கானிக். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. “அவசரம் ஒண்ணும் இல்ல சார். நல்லா யோசிச்சிட்டே கேளுங்க.”

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டார்.

“உன் எடை எவ்வளவு இருக்கும்?”

கத்தி நின்றது. “யாரு கேக்கறா?”

“நான் இல்ல. ஸ்பிரிங்.”

“ஸ்பிரிங் எப்பலேர்ந்து பேச ஆரம்பிச்சது?”

“பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்குல்ல? உக்கார்றவங்களுக்குத் தகுந்த மாதிரி அதை இறுக்கணுமாம். இல்லன்னா பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கும். அப்புறம் வண்டி வளையாது.”

“அப்ப நேத்து பூந்தொட்டிக்குள்ள போனது என்னாலயா?”

“சேச்சே, உன்னாலன்னு யாரு சொன்னா? உன்னோட எடை…”

அந்த வாக்கியத்தை அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். நிறுத்தியது புத்திசாலித்தனம்தான். ஆனால் கொஞ்சம் தாமதமான புத்திசாலித்தனம்.

“உங்க எடையை எழுதிக்கச் சொல்லுங்க” என்றாள் அவள், மறுபடி நறுக்கத் தொடங்கி. “என்னோடது அதுல பாதின்னு சொல்லுங்க.”

பாதியை அவர் நம்பவில்லை. ஒரு நல்ல கணவனாக வெளியே தலையாட்டிவிட்டு, ஒரு நல்ல கணக்காளனாக உள்ளே கொஞ்சம் கூட்டி, வழியில் இன்னும் கொஞ்சம் கூட்டி, மெக்கானிக்கிடம் ஒரு எண்ணைச் சொன்னார். மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார், ஆனாலும் இறுக்கினார். விளைவு, ஸ்பிரிங் கல்லாகிவிட்டது. முதல் வேகத்தடையில் மனைவி இருக்கையை விட்டு எழும்பி, அக்கம்பக்கத்து மாடிகளில் காயும் துணிகளை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ஸ்பிரிங் என்னைப் பத்தி ரொம்ப உயர்வா நினைக்குது போல” என்றாள்.  

அன்று மாலைதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஸ்பிரிங்கை மாற்றுவானேன்? பின்னால் ஆளே இல்லாவிட்டால்? அடுத்த விருந்துக்குத் தனியாகக் கப்பலில் போக வேண்டும், அவள் பஸ்ஸில் வர வேண்டும். ஆனால் ‘நீ வராதே’ என்று சொல்லும் அளவுக்கு அவர் துணிந்தவர் இல்லை. அதனால் பின் இருக்கையைக் கழற்றினார். துணியில் சுற்றிப் பரணில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தார்.

“சீட்டு கிழிஞ்சிருந்துச்சு. தையல்காரர்கிட்ட குடுத்திருக்கேன். அவர் கொஞ்சம் மெதுவாத்தான் தைப்பார்.”

“அப்ப தங்கச்சி வீட்டு விருந்துக்கு?”

“அதுக்குள்ள கிடைக்காது போல. நீ வேணா பஸ்ல…”

“சரி, நான் பஸ்ல போய்க்கறேன்” என்றாள் மனைவி.

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதில் அவருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேரிங் புதிது, ஃபோர்க்கில் எண்ணெய் புதிது, டயர் இரண்டும் புதிது. மனிதர் புதுமையில் மிதந்துகொண்டிருந்தார்.

அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்ததால் நடந்தே போய்விடுவார். கப்பல் பகலெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும். விடுமுறை நாட்களில் மட்டும் எடுத்து ஊருக்கு வெளியே வளைவுகளில் பழகினார். உள்ளதைச் சொன்னால், வண்டி இப்போது முன்பைவிட லேசாகத் திரும்பியது. ஆனாலும் வளைவு வந்ததும் அவருடைய தோள்கள் மரக்கட்டையாகிவிடும். கண் நேராகச் சாலையோரச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை வா வா என்று கூப்பிடும். கடைசி நொடியில் பிரேக்கைப் பிடிப்பார். கப்பல் நிமிர்ந்துகொண்டு வளைவை விட்டு விலகி ஓரத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்து, “இன்னைக்குப் பரவாயில்ல” என்பார். மனைவி, “ம்” என்பாள்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் கடைக்கு வந்தார்.

“உங்களைப் பாராட்டணும்னே வந்தேன்” என்றார். “காலைல அந்த ரவுண்டானாவுல என்னமா சுத்தறீங்க. பம்பரம் மாதிரி. நான் காய்கறிப் பையைக் கீழ வச்சிட்டு நின்னு பாத்தேன்.”

“எப்ப பாத்தீங்க?”

“நேத்துக் காலைலதான். பதினோரு மணி இருக்கும்.”

நேற்றுப் பதினோரு மணிக்குக் கண்ணாடிக்காரர் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பெரியவரைப் பரிதாபத்தோடு பார்த்தார். “இப்படி உக்காருங்க” என்று சொல்லி எழுத்துப் பலகையைக் காட்டினார். பெரியவர் கடைசி வரிவரை மளமளவென்று படித்தார். ‘சில பேருக்குக் கிட்டத்துல நல்லாத் தெரியும், ரவுண்டானா தூரத்துக்குத்தான் மங்கும்’ என்று முடிவு கட்டி, ஒரு கண்ணாடியும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இன்னொரு நாள் சங்கிலியை இறுக்க வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, மெக்கானிக் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து கண்ணாடிக்காரரையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. இதுவரை அந்தப் பட்டறையில் அவருக்குக் கிடைக்காத மரியாதை.

“சார், நீங்களா இப்படி ஓட்றீங்க?”

“எப்படி?”

“புது டயர் ஓரத்துல பொடிப்பொடியா ரப்பர் முடி இருக்கும்ல? ஒண்ணுகூடப் பாக்கி இல்ல. ஓரம்வரைக்கும் ஒரே சீரா தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும். இங்க பாருங்க, கால் வைக்கற கம்பி முனைகூடத் தரையில உரசியிருக்கு. இந்த வயசு வண்டியை இவ்வளவு சாய்ச்சு ஓட்ற ஆளை நான் பாத்ததே இல்ல சார்.”

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். உண்மைதான். கம்பியின் முனை வெள்ளியாக மின்னியது. அவருக்குப் புல்லரித்தது. நம்மை அறியாமலே நமக்குள் ஒரு வீரன் இருந்திருக்கிறான், பயத்தில் கண்ணை மூடும் நேரத்தில் எல்லாம் அவன்தான் வண்டியைச் சாய்த்திருக்கிறான் என்று நினைத்தார். தன்மேலேயே அவருக்கு ஒரு பிரமிப்பு வந்தது.

“ஏதோ, பழக்கம்” என்றார் அடக்கமாக.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் டயரைக் காட்டினார். “இந்த ஓரத்தைப் பாரு. இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?”

“டயர் சீக்கிரம் மாத்தணும்னு அர்த்தம்” என்றாள் அவள்.

விருந்து நாள் வந்தது. கண்ணாடிக்காரர் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கப்பலின் பின்னால் இருக்கை இருந்தது. இருக்கைக்குப் பக்கத்தில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மனைவி இருந்தாள்.

“இது… எப்படி?”

“தையல்காரர் நேத்தே குடுத்துட்டார். பாவம், நம்ம பரண்லதான் கடை வச்சிருக்காராம்.”

கண்ணாடிக்காரர் பதில் தேடினார். அது பரணிலும் இல்லை. வண்டியை உதைத்தார். அவர் உதைத்தால் கப்பல் முதலில் இருமும், பிறகு செருமும், பிறகு நமக்கென்ன என்று இருந்துவிடும். சட்டை நனையும்வரை உதைத்த பிறகு மனமிரங்கிக் கிளம்பியது.

முதல் இரண்டு வளைவுகளைத் தத்தித் தத்திக் கடந்தார். பூந்தொட்டி வளைவு வந்தது. நாம்தான் ஓரம்வரை சாய்க்கும் ஆளாயிற்றே என்ற தைரியத்தில் வேகத்தைக் குறைக்காமல் உள்ளே நுழைந்தார். எதிரே ஒரு லாரி. தோள் கட்டையாயிற்று. கண் லாரியின் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. கப்பலும் கண் போன திக்கிலேயே போனது. லாரிக்காரர் ஒதுங்கிக் கொடுத்ததால் ஒரு முழ இடைவெளியில் தப்பித்து, ஓர மண்ணில் சறுக்கி நின்றார்கள். செடி விற்பவர் அனுபவப்பட்டவர். கப்பல் சத்தம் கேட்டதுமே தொட்டிகளை உள்ளே இழுத்துவிட்டிருந்தார்.

அதே நேரம், விருந்துக்குச் சாமான் வாங்கித் திரும்பிய சகலை, தன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடந்து போனான். கையை ஆட்டினான்.

கண்ணாடிக்காரர் எஞ்சினை அணைத்த பிறகும் கைப்பிடியை விடவில்லை.   மனைவி இறங்கினாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் அவருடைய விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“கொஞ்சம் தண்ணி குடிங்க” என்றாள் பிறகு. “குடிச்சிட்டுப் பின்னாடி உக்காருங்க.”

“எதுக்கு?”

“பின்பக்கம் தொய்யுதா இல்லையான்னு நீங்களே உக்காந்து பாத்தாத்தானே தெரியும்?”

“முன்னாடி யாரு உக்காருவா?”

“ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுங்க.”

கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு கையை மடித்துவிட்டாள். மடிப்பதற்கு அவசியமே இருக்கவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு மடிப்பு இருந்தது. சட்டென்று படிந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்காரர் அந்த மடிப்பைப் பார்த்தார். பிறகு கால் கம்பியின் வெள்ளி முனையைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ மெதுவாக இடம் மாறத் தொடங்கியது.

ஒரே உதை. கப்பல் இருமவில்லை, செருமவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்றது.

அடுத்த வளைவு இடது பக்கம். கண்ணாடிக்காரர் பின்னால் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தார். ஆனால் அவள் வளைவுக்கு முன்பே நேர் சாலையில் வேகத்தைக் குறைத்து முடித்திருந்தாள். சாக்கடையைப் பார்க்கவில்லை, லாரியைப் பார்க்கவில்லை. தலைக்கவசம் மட்டும் நிதானமாகத் திரும்பி, சாலை எங்கே போய் மறைகிறதோ அந்த இடத்தைப் பார்த்தது. தோள்கள் தளர்வாக இருந்தன. இடது கை கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளியது. ஒரு கதவைத் தள்ளுகிற மாதிரி, அவ்வளவுதான்.

கப்பல் சாய்ந்தது.

இத்தனை வருடமாக அவரோடு முரண்டு பிடித்த அந்த இரும்பு மலை, சொன்ன பேச்சு கேட்டுச் சாய்ந்தது. தரை பக்கத்தில் வந்தது. ஓரப் புல்லின் ஒவ்வொரு தாளும் தெரிந்தது. பயப்பட வேண்டும் என்று அவருக்கு நினைவிருந்தது, ஆனால் பயம் வரவில்லை. சக்கரம் தண்டவாளத்தில் போவதுபோல் ஒரே கோட்டில் போயிற்று. வளைவின் நடுவில் அவள் மெல்ல வேகம் கூட்டினாள். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த முனகல் வந்தது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறகு அது தானாக நிமிர்ந்தது. உடனே வலது வளைவு. மலை ஒரு பக்கம் எழுந்து நின்றது, பள்ளத்தாக்கு மறுபக்கம் விரிந்தது, வானம் சாய்ந்து வழிவிட்டது. கண்ணாடிக்காரர் இந்தச் சாலையில் எத்தனையோ முறை வந்திருக்கிறார். இப்படி ஒரு பள்ளத்தாக்கு இங்கே இருப்பதை அன்றுதான் பார்த்தார். அதுவரை சாக்கடையைத்தான் பார்த்திருந்தார்.

ஊருக்கெல்லாம் ‘அங்க பாருங்க, இங்க பாருங்க’ என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவர் தொழில். பின்னால் உட்கார்ந்துகொண்டு அதை நினைத்தார். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

“எப்பலேர்ந்து?” என்று காதருகே கத்திக் கேட்டார்.

“நீங்க ஸ்பிரிங்குக்கு எடை கேட்ட மறுவாரத்திலேர்ந்து. எங்க பள்ளி மைதானத்துல கூம்பு வச்சிருக்கோம்ல, அதைச் சுத்திச் சுத்தி. லைசென்ஸ் போன மாசம் வாங்கினேன்.”

“அந்த டயர் ஓரம்?”

“ம்.”

“எதிர்வீட்டுப் பெரியவர் பாத்தது?”

“அவர் கண்ணு ரொம்பத் தெளிவு. அந்தக் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்குங்க.”

“இடது பக்கம் போறதுக்கு ஏன் இடது கையைத் தள்றே? தள்ளினா வலது பக்கம்தானே போகும்?”

“போகும்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கீங்க. தள்ளினா இந்தப் பக்கம் சாயும். சாஞ்சா இந்தப் பக்கம் திரும்பும். இழுத்துப் பிடிச்சா ரெண்டும் நடக்காது.” கொஞ்சம் விட்டு, “வண்டின்னு இல்ல, எல்லாத்துக்கும்தான்” என்றாள்.

வழியில் எங்கோ நின்று கிளம்பிய சகலை அடுத்த கொண்டை ஊசி வளைவில் தெரிந்தான். வளைவின் நடுவில் பிரேக் விளக்கு சிவப்பாக மின்ன, தயங்கித் தயங்கித் திரும்பிக்கொண்டிருந்தான். கப்பல் அவனுக்குப் பின்னால் அமைதியாகத் தொடர்ந்தது. வளைவு முடிந்து சாலை நேரானதும் ஹாரன் அடித்துவிட்டு அவனைத் தாண்டியது. கையை ஆட்ட வேண்டும் என்று கண்ணாடிக்காரர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார். அந்த நேரத்தில் மறந்தே போனார். அவர் முன்னால் இருந்த தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் வீட்டு வாசலில் கப்பல் நின்றது. கொஞ்ச நேரத்தில் சகலை வந்து சேர்ந்து, வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்து முன்னால் இருந்தவரின் தோளில் தட்டினான்.

“அண்ணா, கலக்கிட்டீங்க. மிரண்டே போயிட்டேன்.”

தலைக்கவசம் கழன்றது. சகலை கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அண்ணி?”

“எல்லாம் அவர் பண்ண வேலைதான்” என்றாள் மனைவி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு. “பேரிங் மாத்தினார், எண்ணெய் மாத்தினார், டயர் மாத்தினார். வண்டி பூ மாதிரி ஆயிடுச்சு.”

சகலை கண்ணாடிக்காரரிடம் திரும்பினான். “வேற என்ன மாத்தினீங்கண்ணா?”

கண்ணாடிக்காரர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஸ்பிரிங் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருக்கலாம். ஆனால் அவர் இன்னும் கீழே, அந்த முதல் வளைவிலேயே இருந்தார்.

“ஓட்ற ஆளை மாத்தினேன்” என்றார். “அதுக்கப்புறம் ஒரு குறையும் இல்ல.”

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அன்று விருந்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கே தெரியாது. மைத்துனியிடம் வளைவு வளைவாக விவரித்துக்கொண்டிருந்தார். கரண்டியைச் சாய்த்துக் காட்டினார், தம்ளரைச் சாய்த்துக் காட்டினார், மேசைவிரிப்பெல்லாம் தண்ணீர். “அத்தான், போதும், நானும் கத்துக்கறேன்” என்றாள் மைத்துனி. சகலை அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். மலை இறக்கம். கண்ணாடிக்காரர் ஜாக்கெட்டின் கைமடிப்பைப் பிரித்துவிட்டு மாட்டிக்கொண்டார். பார்த்தாயிற்று, புரிந்தாயிற்று. இனிமேல் தோளைத் தளர்த்த வேண்டும், தூரத்தைப் பார்க்க வேண்டும், கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ள வேண்டும். மனதுக்குள் முதல் வளைவை ஒரு முறை ஓட்டியே பார்த்துவிட்டார். அருமையாக வந்தது. மனைவி தங்கையிடம் விடைபெற்றுக்கொண்டு வந்தாள். சாவிக்காக அவர் கையை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கையில் அவள் தன் கைப்பையை மாட்டிவிட்டாள்.

“வர்றப்ப வளைவுக்கு வளைவு தோள்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சுங்க. பின்னாடி உக்காந்து இதை இறுக்கிப் பிடிச்சுக்குங்க.”